சிப்பித்துறை கால்வட்டம் திரும்பிய நாள்

சிப்பித்துறை என்ற ஊர் கால்வட்டம் திரும்பிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. வீட்டில் இருந்தவர்கள் வீட்டோடும், தெருவில் நின்றவர்கள் தெருவோடும், கோவில் வாசலில் கட்டிக் கிடந்த ஆடு அதன் கயிற்றோடும் சேர்ந்து திரும்பிவிட்டதால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மணலில் வள்ளத்தை இழுத்து ஏற்றும்போது வருமே, அந்தச் சரசரப்புதான் ஒரு நிமிஷம் ஊர் முழுக்கக் கேட்டது, அடுப்பில் இருந்த பால்கூடத் தளும்பவில்லை. திரும்பாமல் விட்டுப்போனது கடல் ஒன்றுதான். அன்றைக்குக் கடலில் பதினோரு வள்ளங்கள் இருந்தன, அதில் முதல் வள்ளத்தில் பால்வாடி டீச்சர் பிலோமியின் புருஷன் கஸ்பார் இருந்தான்.

ஊரைத் திருப்பியது பிலோமிதான் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு, அதை முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. அந்த மாதம் பிள்ளைகளுக்குத் திசை சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆபீஸிலிருந்து ஒரு படத்தாள் வந்திருந்தது. அதில் மலை இருந்தது, ஆறு இருந்தது, ரயில் பாலம் இருந்தது, சிப்பித்துறையில் இருக்கிற பொருள் ஒன்றுகூட இல்லை. மலையையே பார்க்காத பிள்ளைக்கு மலைக்கு வடக்கே என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் யோசித்த பிலோமி, மறுநாள் புருஷன் வலை மூடி வைத்திருந்த நீலத் தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்து பால்வாடி முற்றத்தில் விரித்துவிட்டாள்.

அதற்கப்புறம் பத்து நாள் அங்கே ஒரே கொண்டாட்டம். தீப்பெட்டிகள் வீடுகள் ஆயின, சோப்பு டப்பா ஒன்று மாதா கோவில் ஆயிற்று, அதன் மேல் நட்டு வைத்த பென்சில் கோபுரம், கவிழ்த்து வைத்த டம்ளர் தண்ணீர்த் தொட்டி, சோடா மூடி கிணறு. பத்தொன்பது பிள்ளைகளும் அவரவர் வீட்டுக்கு நேரே தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். ஒரு தீப்பெட்டிக்குள் கடலை மிட்டாய் ஒளித்துவைத்துவிட்டு, கோவில்ல இருந்து மேல ரெண்டு எட்டு, வடக்க ஒரு எட்டு என்று பிலோமி சொல்லச் சொல்ல, ஒரு பிள்ளை விரலை நண்டுபோல நடத்திக்கொண்டு போய் அதைக் கண்டுபிடிக்கும். தப்பான வீட்டுக்குள் போன நண்டு ஒரு முறை சிரிப்புக் காட்ட வேண்டும். கடலையும் வரைய வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள்தான், ஆனால் கீழத்தெருவோடு தார்ப்பாய் முடிந்துவிட்டது.

அந்தப் படத்தில் மேலே இருந்தது மேற்கு. பிலோமி அப்படி வரையச் சொல்லவில்லை, வேறு மாதிரி வரையச் சொல்லவும் இல்லை. சிப்பித்துறையில் பஸ் ஏறப் போகிறவர்கள், மேல போயிட்டு வாரேன் என்பார்கள். பஸ் நிற்பது மேற்கே. கடலுக்குப் போகிறவர்கள் கீழ போறேன் என்பார்கள், கடல் கிழக்கே. மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு, பேரிலேயே இருக்கிறதே என்று நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பிலோமிக்கு முப்பத்தொரு வயது, அவளுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் தமயந்தி மேடம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். நல்ல மனுஷிதான், பிள்ளைகளுக்கு பிஸ்கட்டெல்லாம் வாங்கி வந்திருந்தார். நாற்காலியைக் கீழத்தெருப் பக்கம் போட்டு உட்கார்ந்து, தீப்பெட்டி வீடுகளைப் பார்த்துச் சிரித்து, ரொம்ப நல்லா இருக்கே என்று சொல்லி, நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டே வலப்பக்கம் இருந்த ரெஃபினாவைக் கேட்டார்.

“பாப்பா, இந்தப் படத்துல மேல இருக்கிறது என்ன திசை?”

“மேக்க.”

“வடக்குதானேம்மா மேல இருக்கணும்?”

“மேலதான மேக்க? வடக்கு எப்படி மேல வரும்? அது வடக்கல்லா இருக்கு.” ரெஃபினா வடக்குத்தெருப் பலசரக்குக் கடை பவுல்ராஜ் அண்ணாச்சியின் மகன்வழிப் பேத்தி. நாலரை வயது. கேள்வி கேட்டால் தராசில் நிறுத்துக் கொடுப்பதுபோலப் பதில் சொல்வாள்.

மேடம் பிலோமியைப் பார்த்தார். “என்ன டீச்சர் இது? மேப்னா எப்பவுமே வடக்குதான் மேல. இப்படிச் சொல்லிக்கொடுத்தா நாளைக்கு ஸ்கூலுக்குப் போய் இதுங்க முழிக்காதா?”

பிலோமிக்கு வேர்த்துவிட்டது. பிள்ளைகள் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும், மேடம் சொல்வதும் தாளில் சரிதான் என்றும் தெரியும், இரண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை. வேலை நிரந்தரமாக இந்த மேடத்தின் கையெழுத்து வேண்டும். பிள்ளைகள் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“மேடம் சொல்றதுதான் சரி, என்ன? வடக்குதான் மேல. டீச்சர் சொன்னதெல்லாம் மறந்துருங்க. எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்கு நேரா ஓரத்தப் பிடிங்க பாப்போம். ஒரு தீப்பெட்டியும் விழாம, அப்படியே மெதுவாத் திருப்பி வடக்க மேல கொண்டாங்க.”

பத்தொன்பது ஜோடிக் கைகள் தார்ப்பாயைப் பிடித்துத் திருப்பின. அந்த வயதில் டீச்சர் சொன்னது வேதம், ஒரு கைகூடச் சந்தேகப்படவில்லை. தார்ப்பாய் கால்வட்டம் திரும்பி நின்றது. மணல் சரசரத்தது. முற்றத்து வேப்பமரத்தின் நிழல் பிள்ளைகளின் முதுகிலிருந்து நகர்ந்து மேடத்தின் மடியில் வந்து உட்கார்ந்தது.

இப்போது வடக்குத்தெரு மேற்கே போயிருந்தது, மேலத்தெரு தெற்கே, தெற்குத்தெரு கிழக்கே கடல் ஓரத்தில், மீன்பிடிக்கிறவர்கள் இருக்கும் கீழத்தெரு வடக்கே உடைமரக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஊருக்குள் நடக்கிறவர்களுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை, கடைக்கு அடுத்து கோவில், கோவிலுக்கு அடுத்து கிணறு என்று எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் வழி சரியாக இருந்தது, கண்ணைத் திறந்து நிழலைப் பார்த்தால் தப்பியது. முதலில் சத்தம் போட்டவர்கள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்; மொட்டை மாடி டிஷ் எல்லாம் வானத்தில் வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு வீட்டிலும் படம் வரவில்லை. அடுத்து, வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாதே என்று வீட்டுக்கு வீடு கட்டிலை இழுத்துத் திருப்பிப் போடுகிற சத்தம். தெற்குத்தெருவில் ஒருத்தி பின்கதவைத் திறந்தாள், எதிரே அலை அடித்தது, சரி வந்தது வந்தாயிற்று என்று கறிச்சட்டியை எடுத்துப் போய் மணல் போட்டுத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். பஸ் டிரைவர் வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் ஊர் வேறு மூலையைக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தார், இரண்டு தரம் ஹாரன் அடித்தார், ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டதும் போய்விட்டார். கோவில் சாமியார் வெளியே வந்து சூரியனைப் பார்த்து, பீடத்தைப் பார்த்து, ஆண்டவருக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, வெயில் கண்ணில் அடிக்கிறதென்று நாற்காலியை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பதினோரு மணிக்குள் காரணம் தெரிந்துவிட்டது. பால்வாடிப் பிள்ளைகள் படத்தைத் திருப்பினார்கள், ஊர் திரும்பிக்கொண்டது. இதில் நம்ப என்ன இருக்கிறது, நம்பாமல் இருக்கத்தான் என்ன இருக்கிறது? பெற்றவர்கள் வேகமாக வந்து அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள், வீட்டில் கிடந்த சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்தார்கள். கால்வட்டம் திருப்பின பிள்ளை நாளைக்குத் தலைகீழாகக் கவிழ்க்காது என்று என்ன நிச்சயம் என்று ஒரு தாய் கேட்டதும் மற்ற தாய்மார் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்கள். தமயந்தி மேடம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ரோட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி உப்பளத்தில் போய் நின்றார், மறுபடி கிளம்பி கடலில் போய் நின்றார், மூன்றாம் தரம் பேசாமல் பால்வாடிக்கே வந்து பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்துகொண்டார்.

ஊரிலேயே சந்தோஷப்பட்டவர்கள் வடக்குத்தெருக்காரர்கள்தான். மூன்று தலைமுறையாக அந்தத் தெரு வீடுகளுக்குத் தெற்குப் பார்த்த வாசல். அத்தனை வாசலும் இப்போது ஜம்மென்று கிழக்குப் பார்த்து நின்றன. பவுல்ராஜ் அண்ணாச்சி ஞாயிறு பூசை தவறாதவர், ஆனாலும் வாசல் விஷயத்தில் மட்டும் வாஸ்துக்காரர் சொல்வதுதான் அவருக்குச் சுவிசேஷம். அவருடைய மகள் சகாயமேரிக்கு இருபத்தொன்பது வயது. பெண் பார்க்க வந்தவர்கள் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேரும் பெண்ணைப் பார்க்குமுன் வாசலைப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், கடிதம் போடுகிறோம் என்று போனார்கள். பதின்மூன்றாவது வீட்டார் நாளை காலை வருகிறார்கள். அண்ணாச்சி வாசலில் நின்று மேலே விழுகிற வெயிலைப் பார்த்து அழுதேவிட்டார்.

பிலோமி மட்டும் முற்றத்திலேயே நின்றாள். அவளுக்கு முதலில் கூச்சம்தான் இருந்தது, ஊரே தன்னைப் பார்க்கிறதே என்று. கோபுரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தற்செயலாக நிமிர்ந்தாள். கோபுரம் வடக்கே நின்றது, தண்ணீர்த் தொட்டி தெற்கே நின்றது. அப்போதுதான் அவளுக்குக் கடலில் இருக்கிற கஸ்பாரின் நினைவு வந்தது.

சிப்பித்துறைக் கடலில், கரைக்குச் சற்று வெளியே, வடக்கும் தெற்குமாக நீளப் படுத்துக் கிடக்கிறது பாறை. அதில் வள்ளம் நுழைய ஒரே ஒரு வாய். அந்த வாய் தண்ணீரில் தெரியாது, கரையில்தான் தெரியும்: கிழக்கேயிருந்து வருகிறவன் கோவில் கோபுரத்தையும் அதன் பின்னால் மேற்கே நிற்கும் தொட்டியையும் பார்த்துக்கொண்டே வருவான், கோபுரம் தொட்டியை முழுசாக மறைக்கிற இடம் எதுவோ அதுதான் வாய்க்கு நேர். அதைக் கணியம் பார்ப்பது என்பார்கள். சிப்பித்துறையில் கணியம் பார்ப்பதில் கஸ்பாரை மிஞ்ச ஆள் கிடையாது, அவன் திருப்பினால் மற்றப் பத்து வள்ளமும் கேள்வி கேட்காமல் பின்னாலேயே திருப்பும். இன்றைக்கு அவன் கோபுரத்தையும் தொட்டியையும் தேடுவான். அவை இரண்டும் ஒன்று இந்தக் கோடியில், ஒன்று அந்தக் கோடியில். ஒன்றை ஒன்று மறைக்க வேண்டுமென்றால் அவன் வடக்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும். வடக்கே பாறை கத்தியாக நிமிர்ந்து நிற்கிறது, போன வருஷம் அங்கே இரண்டு பேர் போனார்கள், ஒருவர் உடம்புதான் கிடைத்தது. தெற்கிலிருந்து சோழகக் காற்று வேறு தள்ளிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு வள்ளங்கள் கரை சேரும். கஸ்பாரின் போன் வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது, மற்றவர்கள் போனுக்குக் கடலில் டவர் எட்டாது. எதிரே போய்ச் சொல்ல, கரையில் ஏற்றி வைத்திருந்த மிச்ச வள்ளங்கள் இரண்டும் கீழத்தெருவோடு சேர்ந்து திரும்பி உடைமரக் காட்டில் முள்ளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு கிடந்தன. கரையில் நின்று துண்டை வீசலாம். துண்டு வீசினால், மீன் எவ்வளவு என்று கேட்கிறார்கள் என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

கீழத்தெரு இளவட்டங்கள் ஓடிவந்து தார்ப்பாயைப் பிடித்துப் பழையபடி திருப்பிப் பார்த்தார்கள். தார்ப்பாய்தான் திரும்பியது. சோப்பு டப்பா சாய்ந்தது, கோபுரப் பென்சில் உருண்டது, ஊர் அசையவில்லை. பெரியவர்கள் கைக்கு அது வெறும் தார்ப்பாய். அவர்கள் அதை முன்பு கிடந்தபடியே திரும்பவும் வைத்து, டப்பாவை நிமிர்த்திவிட்டு விலகினார்கள். அந்த நேரம் பார்த்து பவுல்ராஜ் அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து, தார்ப்பாயின் நடுவில், சோடா மூடிக் கிணற்றுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“விளையாட்டு போதும்ப்பா. ஒரு நா இருக்கட்டும். நாளைக்கி மத்தியானத்துக்கு மேல என்னமும் பண்ணுங்க.”

பிலோமி அவரோடு சண்டைக்கு நிற்கவில்லை, அதற்கு நேரம் இல்லை. வீடு வீடாக ஓடினாள். நிழலைப் பார்த்துக்கொண்டு ஓடியதில் இரண்டு தரம் வழி தப்பி, பிறந்து வளர்ந்த ஊரில் கிணற்றடிக்கு வழி கேட்டாள். தாழ்ப்பாள் போட்ட கதவுகளைத் தட்டி, “அக்கா, பிள்ளையக் குடுங்கக்கா, ஒரு அஞ்சு நிமிஷம்” என்று கெஞ்சினாள். கீழத்தெருப் பிள்ளைகள் உடனே கிடைத்தார்கள், அவர்களுடைய அப்பாக்களும் கடலில்தான். மற்றத் தெருக்களில் ஒரு கதவு திறக்க ஒரு யுகம் ஆயிற்று. தன் பிள்ளை கையால் இன்னும் ஏதாவது நடந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று ஒருத்தி கேட்டாள். நான் சொல்றேன் என்றாள் பிலோமி, எப்படிச் சொல்வாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியாக வடக்குத்தெருவில் ரெஃபினாவைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தவள் சகாயமேரிதான். வைத்துவிட்டு, அப்பாகிட்ட சொல்லாதிய என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிள்ளைகளோடு முற்றத்துக்கு வரும்போது இரண்டரை தாண்டிவிட்டது. கோபுரத்தின் மேல் ஏறி நின்ற ஒருவன் கத்தினான், “வள்ளம் தெரியுது! எண்ணிட்டேன், பதினொண்ணும் இருக்கு!”

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழவில்லை.

“எந்திரிங்க அண்ணாச்சி.”

“டீச்சர், நீ என் தங்கச்சி மாதிரி. பன்னெண்டு பேரு வந்து வாசலப் பாத்துட்டுப் போயிட்டானுவ. எம்மக அறைக்குள்ள இருந்து அழுற சத்தம் உனக்குக் கேக்காது, எனக்குக் கேக்கும். ஒரே ஒரு நாளு. நாளைக்கி அவங்க வந்து பாத்துட்டுப் போவட்டும்.” அவர் கண் கலங்கித்தான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் பிலோமியின் கஷ்டம்.

ஆனால் அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “உங்க மகளுக்கு மாப்ள வரணும்ங்கிய. நல்லா வரட்டும். எனக்கு வந்த மாப்ள கடல்ல நிக்காரு அண்ணாச்சி. அவரு வர வேண்டாமா?”

அண்ணாச்சி அவளையே பார்த்தார். பிறகு இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி எழுந்து, நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு தார்ப்பாயை விட்டு இறங்கி நின்றார். அவர் முகத்தை அப்போது யாரும் பார்க்க விரும்பவில்லை.

“எல்லாரும் அவங்கவங்க வீட்டுப் பக்கம் பிடிங்க!” பத்தொன்பது பிள்ளைகளும் பிடித்தார்கள். “பழையபடி திருப்புங்க!”

தார்ப்பாய் அசையவில்லை. இளவட்டங்கள் கைக்குத் துணியாகத் திரும்பிய தார்ப்பாய், இப்போது தரையோடு தைத்தது மாதிரி கிடந்தது. பிலோமி குனிந்து பார்த்தாள். பிள்ளைகள் பிடித்துத்தான் இருந்தார்கள், ஒருவரும் இழுக்கவில்லை.

“ஏன்மா, திருப்புங்க!”

ரெஃபினா நிதானமாகக் கேட்டாள். “எதுக்கு டீச்சர் திருப்பணும்? வடக்குதான மேல இருக்கணும்? இருக்கே. சரியாத்தான இருக்கு?”

மற்றப் பதினெட்டுத் தலைகளும் ஆமாம் என்று ஆடின. பிலோமி அதட்டினாள், கெஞ்சினாள், எல்லாருக்கும் கடலை மிட்டாய் தருவதாகச் சொன்னாள். மிட்டாய்க்காக இழுத்துப் பார்த்தார்கள், பாவம், முகம் சிவக்க இழுத்தார்கள். ஆனால் சரியாக இருக்கிற ஒன்றைத் தப்பாக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு இழுக்கிற கையில் என்ன பலம் இருக்கும்? ஒரு தீப்பெட்டிகூட ஆடவில்லை.

கோபுரத்திலிருந்து குரல் வந்தது. “கஸ்பாரு என்ஜினக் குறைச்சிட்டான்! நின்னு பாக்கான்!”

கீழத்தெருப் பெண்கள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி பிலோமியைப் பார்த்த பார்வையில் திட்டு இல்லை, கேள்வி மட்டும்தான் இருந்தது, பிலோமிக்குத் திட்டே தேவலை என்று இருந்தது.

“வடக்க, வாடப் பக்கம் திருப்பிட்டான்! ஐயோ, எல்லாவனும் அவன் பின்னால போறானுவ!”

பிலோமி தார்ப்பாயின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பிள்ளைகளின் உயரத்துக்கு அவள் முகம் வந்தது. நாற்காலியில் மேடம் இருந்தார், சுற்றிலும் ஊர் நின்றது, அவள் பிள்ளைகளை மட்டும் பார்த்தாள்.

“டீச்சர் தப்பாச் சொல்லிட்டேன்.”

பிள்ளைகள் இழுப்பதை நிறுத்தினார்கள். டீச்சர் தப்பாகச் சொல்வது என்ற ஒரு விஷயத்தை அவர்கள் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

“தெரியாமச் சொன்னியளா?” என்றாள் ரெஃபினா.

“தெரிஞ்சேதான் சொன்னேன்.”

“ஏன்?”

“மேடத்துக்குப் பயந்து.”

“டீச்சரும் பயப்படுவாங்களா?”

“பயப்படுவேன். இப்பவும் பயந்துகிட்டுத்தான் இருக்கேன்.” கண்ணில் வழிந்ததை அவள் துடைத்துக்கொள்ளவில்லை. “நீங்க சொன்னதுதான் சரி. காகிதத்துல வரைஞ்சா வடக்கு மேல இருக்கும், அது காகிதத்துக்கு. பள்ளிக்கூடத்துக்குப் போனா அதையும் படிச்சிக்கிடலாம். இது காகிதமில்ல. இது நம்ம ஊரு.”

பத்தொன்பது ஜோடிக் கண்களும் தமயந்தி மேடத்தின் பக்கம் திரும்பின. பிள்ளைகளுக்குத் தீர்ப்பு அங்கேயிருந்து வர வேண்டியிருந்தது. மேடம் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார், மூடினார். எழுந்து, காலில் இருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தார்ப்பாயின் ஓரத்தை மிதித்துக்கொண்டிருந்த தன் நாற்காலிக் காலைத் தூக்கித் தள்ளிப் போட்டார்.

“டீச்சர் சொல்றதைக் கேளுங்க கண்ணுங்களா” என்றார்.

பிலோமி அழுதுகொண்டே கேட்டாள். “பஸ்ஸுக்கு எங்க போவோம்?”

“மேல!” என்றன இரண்டு மூன்று குரல்கள்.

“அப்பால்லாம் வள்ளத்துல எங்க போவாங்க?”

“கீழ!”

“சூரியன் எங்க போயி விழும்?”

“மேல!” இப்போது பத்தொன்பதும் கத்தின.

“அப்ப மேல எது?”

“மேக்க!” என்று கத்திக்கொண்டே இழுத்தார்கள், யாரும் திருப்பச் சொல்லவில்லை, தார்ப்பாய் சரசரவென்று திரும்பியது. அதனோடு சேர்ந்து தெற்குத்தெருக்காரியின் பின்வாசலை விட்டு அலை விலகிப் போனது, கறிச்சட்டி கடலோடு தங்கிவிட்டது. வீடுகள் எல்லாம் திருப்பிப் போட்ட கட்டில்களோடு பழைய இடத்துக்கு வந்து நின்றன. வடக்குத்தெரு வாசல்கள் ஒவ்வொன்றாகக் கிழக்கை விட்டு மறுபடி தெற்கே திரும்பின. பவுல்ராஜ் அண்ணாச்சி அதைப் பார்க்காமல் கையில் நாற்காலியோடு நின்றார். பிலோமி அவரிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம், ஆனால் அவள் அதற்குள் கடற்கரைக்கு ஓடியிருந்தாள்.

கரையில் நின்று பார்த்தால் வள்ளங்கள் வடக்கே தூரத்தில், பாறையின் வெள்ளை நுரைக்கு வெகு பக்கத்தில் இருந்தன. முதல் வள்ளம் நுரைக்குள்ளேயே போய்விட்டதுபோல இருந்தது. கோபுரத்தில் இருந்தவன் ஒன்றும் சொல்லவில்லை, அவன் சொல்லாததுதான் பிலோமிக்குப் பயமாக இருந்தது. சுற்றிலும் ஜெபமாலை முணுமுணுப்பு. அவளுக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை, மேல, கீழ, மேல, கீழ என்று பால்வாடிப் பாடம்தான் வந்தது. ஒரு அலை எழும்பி எல்லாவற்றையும் மறைத்தது. அது இறங்கியபோது முதல் வள்ளத்தின் மூக்கு தெற்கே திரும்பியிருந்தது. பின்னால் ஒன்று, அதன் பின்னால் ஒன்று, காற்றை எதிர்த்து முக்கிக்கொண்டு பதினொன்றும் திரும்பின. வெகு நேரம் கழித்து, வழக்கமான இடத்துக்கு வந்து, வழக்கம்போல ஒரு கணம் நின்று, ஒவ்வொன்றாக வாய்க்குள் நுழைந்தன.

கஸ்பாரின் வள்ளம் மணலைத் தொடும்போது பிலோமி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். இழுகயிற்றின் முனையைப் பிடித்து இழுக்க வந்த ஆட்களில் பவுல்ராஜ் அண்ணாச்சியும் இருந்தார். கஸ்பார் குதித்து இறங்கினான். வள்ளத்தின் பக்கவாட்டில் ஒரு முழ நீளத்துக்குப் பாறை உரசிய வெள்ளைக் கோடு இருந்தது. அவன் உதடு காய்ந்து வெடித்திருந்தது, ஆனாலும் அவளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான்.

“சேலையோட எதுக்குட்டி தண்ணிக்குள்ள வந்து நிக்க?”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னன்னு தெரியல பிலோமி. வந்து பாத்தா, ஊரே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கி. கோபுரம் ஒரு பக்கம், தொட்டி ஒரு பக்கம். இருபது வருஷமாப் பாக்குற கரை, எங்கண்ணுதான் போச்சுன்னு நினைச்சிட்டேன். நான் நம்புன கணியத்த நம்பித்தான போனேன், பத்து வள்ளத்தையும் இழுத்துக்கிட்டு.” மூச்சு வாங்கினான். “சொன்னாச் சிரிப்ப. ஒருவேள நீதான் எம்மேல என்னமோ கோவத்துல திருப்பி வச்சிட்டியோன்னுகூட நினைச்சேன்.”

“ஆமா” என்றாள் பிலோமி. “நாந்தான் திருப்புனேன்.”

கஸ்பார் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் கரையில் கூடியிருந்த பிள்ளைகளைப் பார்த்தான், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நின்ற தமயந்தி மேடத்தைப் பார்த்தான், கோபுரத்தைப் பார்த்தான். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டான்.

“சரி” என்றான். “இனிமே திருப்புறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுத் திருப்பு.”